துன்பத்திற்கு விளக்கம் எழுதியவரின் துன்பம்



துன்பம் ஒரு வீட்டின் வாசலில் வந்து நிற்கும்போது அவ்வீட்டார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ஆண்டவர் நல்லவர் என்கிறோம். எல்லாம் வல்லவர் என்கிறோம். அப்படியானால் இதனை ஏன் அனுமதித்தார்? மரண வீட்டுக்குச் செல்லும் நாம் இக்கேள்விக்கு விரைந்து விடை கூறிவிடுகிறோம். எல்லாம் இறைவனின் சித்தம் என்கிறோம். தமக்கு வேண்டியவரை அவர் அழைத்துக்கொண்டார் என்கிறோம். கூறிவிட்டு நாம் நம் வீடு திரும்புகிறோம். அழுகின்றவரோ அந்த விடையுடன் அன்றிரவைத் தனியே கழிக்க வேண்டியிருக்கிறது.

இதே கேள்விக்கு விடையாக ஒரு நூல் எழுதிப் புகழ்பெற்ற ஒருவருக்கு, இருபது ஆண்டுகளின் பின்னர் அதே கேள்வியுடன் தனித்திருக்க நேர்ந்தது. அவர்தான் ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். உங்கள் பிள்ளைகள் நார்னியாக் கதைகளை வாசித்திருந்தால், அல்லது அவற்றின் திரைப்படங்களைப் பார்த்திருந்தால், அவர்கள் இவரை அறிவார்கள். அக்கதைகளை எழுதியவரின் வாழ்வு எத்தனை கண்ணீருடன் கலந்திருந்தது என்பதைப் பலர் அறியார். இவ்வாரம் அந்த வாழ்வைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

சிறுவனின் மன்றாட்டு

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் 1898 நவம்பர் 29ஆம் திகதி அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை அல்பேர்ட் ஒரு வழக்கறிஞர். தாய் புளோரா, பெண்கள் பல்கலைக்கழகப் படிப்பை எட்டுவதே அரிதாயிருந்த அக்காலத்தில் கணிதத்தில் பட்டம் பெற்றவர். லூயிசுக்கு வாரன் என்றொரு அண்ணன். நூல்கள் நிறைந்த வீடு, அன்பான பெற்றோர், குறையேதும் அறியாத பிள்ளைப்பருவம்.

1908ஆம் ஆண்டு அந்த வீட்டுக்குள் புற்றுநோய் நுழைந்தது. தாய்க்கு வீட்டிலேயே சத்திரசிகிச்சை நடைபெற்றது. ஒன்பது வயதுச் சிறுவனான லூயிஸ், தாய் பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தான். விசுவாசத்துடன் கேட்டால் கிடைக்கும் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளை அவன். ஆதலால் நம்பிக்கையை வருத்தி வரவழைத்து ஜெபித்தான். ஓகஸ்ட் 23ஆம் திகதி தாய் இறந்தார். அதன் பின்னரும் ஓர் அற்புதம் நிகழலாம் என்று அவன் காத்திருந்தான். நிகழவில்லை.

துயரத்தில் மூழ்கிய தந்தையால் பிள்ளைகளைத் தேற்ற இயலவில்லை. தாயை அடக்கம் செய்து ஒரு மாதம் நிறைவதற்குள், கடல் கடந்து இங்கிலாந்திலுள்ள ஒரு விடுதிப் பாடசாலைக்கு அச்சிறுவன் அனுப்பப்பட்டான். ஒரே மாதத்தில் தாயும் இல்லை, வீடும் இல்லை. அந்த வயதில் அவன் கடவுளைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் உலகம் பாதுகாப்பான இடம் என்ற நினைப்பு அன்றோடு அவனை விட்டு அகன்றது. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் கடவுள் நம்பிக்கையும் மெல்ல அகன்றது.

போர்க்களத்தில் ஒரு மறுப்பாளர்

முதலாம் உலக யுத்தத்தின்போது லூயிஸ் பிரித்தானியப் படையில் சேர்ந்தார். பிரான்ஸ் நாட்டின் போர்முனையில் பதுங்குகுழிகளுக்குள் அவர் காலடி வைத்த நாள், அவரது பத்தொன்பதாவது பிறந்தநாள். 1918 ஏப்ரல் மாதம், அருகில் விழுந்து வெடித்த ஒரு ஷெல் அவரைக் காயப்படுத்தியது. பக்கத்தில் நின்ற படைவீரர் உயிரிழந்தார். அது எதிரியின் ஷெல் அன்று; தம் தரப்பினர் ஏவியது குறி தவறி விழுந்தது. அதன் துண்டொன்று அவரது நெஞ்சுக்குள் பல்லாண்டுகள் தங்கியிருந்தது.

அவருடைய நண்பர் பாடி மூர் அவ்வாண்டு மார்ச் மாதமே கொல்லப்பட்டிருந்தார். இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவர் அவரது குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். கடவுளை நம்பாத அந்த இளைஞர் தம் வாக்கைக் காப்பாற்றினார். நண்பரின் தாயைத் தம் வீட்டாராகவே ஏற்று, அவர் 1951இல் மரணமடையும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பராமரித்தார்.

1919இல் லூயிஸ் தமது முதற் கவிதை நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். இரக்கமற்ற ஒரு வானத்தின் மீதான கோபம் அதிலே வெளிப்பட்டது. கடவுள் இல்லை என்றும் அவர் கூறினார். இல்லாத அந்தக் கடவுள்மீது கோபமும் கொண்டார். இந்த முரண்பாட்டைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கடவுளை மறுக்கும் எத்தனையோ உள்ளங்களில், மறுப்புக்கு அடியிலே ஆறாத ஒரு காயம் இருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

திரும்பி வந்த வழி

யுத்தத்தின் பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தேறி, 1925 முதல் அங்கேயே மொட்லின் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அக்காலத்தில் அவர் மனத்தை ஒரு சிந்தனை விடாது தொடர்ந்தது. உலகம் அநீதி நிறைந்தது. ஆதலால் கடவுள் இல்லை என்பதே அவருடைய வாதம். ஆனால் அநீதி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நேரான கோடு எதுவென்று அறியாதவன் ஒரு கோட்டைக் கோணல் என்று எப்படிச் சொல்வான்? உலகில் உள்ளதெல்லாம் பொருளற்ற தற்செயல் என்றால், நீதி வேண்டும் என்ற தமது தாகமும் பொருளற்றதாகிவிடுமே. துன்பத்தைக் கண்டு எழுந்த கோபமே, நன்மை ஒன்று உண்டு என்பதற்குச் சாட்சியாக அவருக்குள் நின்றது.

1929ஆம் ஆண்டளவில், விருப்பமில்லாமலே, கடவுள் உண்டென்று ஏற்று முழந்தாளிட்டார். கிறிஸ்துவை ஏற்க மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றன. 1931 செப்டெம்பர் மாதத்தில் ஓர் இரவு, நண்பர்களான டோல்கீன், டைசன் ஆகியோருடன் கல்லூரியின் மரநிழற் பாதையில் நடந்தவாறு நெடுநேரம் உரையாடினார். சில நாட்களின் பின், அண்ணனின் மோட்டார் சைக்கிளில் இணைக்கப்பட்ட பக்கப் பெட்டியில் அமர்ந்து ஒரு மிருகக்காட்சிச் சாலைக்குப் புறப்பட்டார். புறப்படும்போது கிறிஸ்து தேவகுமாரன் என்று நம்பாதிருந்தவர், போய்ச் சேர்ந்தபோது நம்பினார். மின்னலோ இடியோ இருக்கவில்லை. நீண்ட உறக்கத்திலிருந்து ஒருவர் விழித்துக்கொள்வதைப் போல அது நிகழ்ந்தது.

1940இல் எழுதிய விடை

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த வேளையில், துன்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதுமாறு லூயிசிடம் கேட்கப்பட்டது. 1940 ஒக்டோபரில் அது வெளிவந்தபோது இலண்டன் நகரின்மீது இரவிரவாகக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்நூலில் அவர் முன்வைத்த கருத்துகளை எளிமையாக இவ்வாறு தொகுத்துக் கூறலாம்.

கடவுள் எல்லாம் வல்லவர் என்பதற்கு, ஒன்றுக்கொன்று முரணானவற்றை அவர் ஒருங்கே செய்வார் என்பது பொருளன்று. மனிதருக்குத் தெரிவு செய்யும் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, தீமையைத் தெரிவு செய்யவே இயலாதபடி அவர்களை ஆக்குவது முரண்பாடாகும். மேலும், பலர் கூடி வாழும் உலகிற்கு நிலையான இயல்பு வேண்டும். கூரையைத் தாங்குமளவு உறுதியான மரம், ஒருவர் தலையில் அடிக்கவும் போதிய உறுதியுடையதாகவே இருக்கும். அடிக்க ஓங்கும் ஒவ்வொரு வேளையிலும் மரம் பஞ்சாக மாறுமானால், அங்கே சுதந்திரமும் இல்லை, அன்பும் இல்லை. மனிதர் படும் துன்பங்களில் மிகப்பெரும் பகுதி மனிதர் கையாலேயே வருகிறது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். சாட்டையையும் துப்பாக்கியையும் குண்டையும் செய்தவர் கடவுளல்லர்.

அடுத்து, கடவுளின் அன்பைப் பற்றிய நமது எண்ணத்தை அவர் திருத்த முயன்றார். பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் பாட்டனாரைப் போன்ற ஒரு கடவுளையே நாம் விரும்புகிறோம். மெய்யான தகப்பனோ, பிள்ளை எப்படியாவது மகிழ்ந்திருந்தால் போதும் என்று இருந்துவிடமாட்டான். பிள்ளை நல்லவனாக வளரவேண்டும் என்றே நாடுவான். எல்லாம் நன்றாக நடக்கும்போது தன்னால் எல்லாம் ஆகும் என்று மனிதன் எண்ணுகிறான். அந்தச் செவிட்டு நிலையிலிருந்து அவனை எழுப்பும் ஒலிபெருக்கிக்கு வேதனையை லூயிஸ் ஒப்பிட்டார். ஆயினும் வேதனை தன்னளவில் நல்லதென்று அவர் எங்கும் கூறவில்லை. பிறர் துன்பத்தைத் தணிப்பது நமது கடமை என்றே வலியுறுத்தினார்.

இந்நூலின் முன்னுரையில் ஒரு செய்தி உண்டு. நாம் இதனை மறத்தலாகாது. நூலைத் தம் பெயரின்றி வெளியிட அவர் முதலில் அனுமதி கேட்டார். தாம் எழுதும் அளவிற்குத் தாம் துணிவுள்ளவர் அல்லர் என்று அவர் அஞ்சினார். அறிவுக்கு எழும் கேள்விக்கு மட்டுமே தாம் விடை தேடியதாகவும், துன்பத்தைத் தாங்கும் பொறுமையைக் கற்பிக்கத் தமக்குத் தகுதியில்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டார். அந்தத் தாழ்மை எவ்வளவு உண்மையானது என்பது இருபது ஆண்டுகளின் பின்னரே வெளிப்பட்டது.

மீண்டும் அதே நோய்

யுத்த காலத்தில் பி.பி.சி. வானொலியில் ஆற்றிய உரைகள் லூயிசை நாடறிந்தவராக்கின. 1950 முதல் 1956 வரை நார்னியாக் கதைகள் ஏழும் வெளிவந்தன. 1955இல் வெளிவந்த கதையொன்றில், நோயுற்ற தாய்க்காக டிகோரி என்ற சிறுவன் அஸ்லான் எனும் சிங்கத்திடம் மன்றாடுகிறான். அச்சத்துடன் நிமிர்ந்து பார்க்கையில், அந்தச் சிங்கத்தின் கண்களிலே தன் கண்ணீரிலும் பெரிய கண்ணீர்த் துளிகள் நிற்பதைக் காண்கிறான். கதையில் அந்தத் தாய் பிழைத்துக்கொள்கிறார். 1908இல் பெறாத விடையை, நாற்பத்தேழு ஆண்டுகளின் பின்னர் லூயிஸ் ஒரு கற்பனைச் சிறுவனுக்குக் கொடுத்தார்.

அக்காலத்தில் ஜோய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவருக்கு நண்பராகியிருந்தார். ஜோய் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஒருகாலத்தில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். பின்னர் கிறிஸ்துவை ஏற்றவர். முதல் மணவாழ்வு முறிந்த நிலையில் இரண்டு மகன்மாருடன் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் நாட்டிலே தங்குவதற்கு உதவியாக, 1956 ஏப்ரலில் லூயிஸ் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அப்போது அது நட்பின் நிமித்தம் செய்த உதவி மட்டுமே.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஜோய் வீட்டில் இடறி விழுந்தார், தொடையெலும்பு முறிந்தது. வைத்தியசாலையில் பரிசோதித்தபோது, புற்றுநோய் எலும்புகளுக்குள் பரவியிருந்தமை தெரியவந்தது. தாயைக் கொண்டுபோன அதே நோய். ஜோயை இழக்கப்போகிறோம் என்று அறிந்தபோதுதான், தாம் அவரை எவ்வளவு நேசிக்கிறோம் என்பதை லூயிஸ் உணர்ந்தார். 1957 மார்ச் 21ஆம் திகதி வைத்தியசாலைக் கட்டிலருகே, பீற்றர் பைட் என்ற குருவானவர் அவர்களுக்குத் திருமணத்தை நிறைவேற்றினார். நோயாளிமீது கைகளை வைத்து ஜெபித்தார்.

சில வாரங்களே வாழ்வார் என்று எண்ணப்பட்ட ஜோய் தேறினார். எலும்புகள் பொருந்தின, ஆண்டு முடியுமுன் கைத்தடியுடன் நடந்தார். 1958இல் இருவரும் அயர்லாந்துக்குச் சென்றார்கள். ஏறத்தாழ அறுபது வயதில், வாழ்வில் முதன்முறையாக லூயிஸ் ஓர் இல்லறத்தின் மகிழ்ச்சியை அறிந்தார். ஆனால் 1959 ஒக்டோபரில் நோய் திரும்பியது. 1960 ஏப்ரலில், ஜோய் நெடுநாள் ஆசைப்பட்ட கிரேக்க நாட்டுப் பயணத்தை வேதனையோடு மேற்கொண்டார்கள். ஜூலை 13ஆம் திகதி ஜோய் இறந்தார். அவருக்கு வயது 45.

நான்கு குறிப்பேடுகள்

பிரியமான வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அந்த வீட்டில் இப்போது தாயை இழந்த இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவனுக்குப் பதினாறு வயது, மற்றவனுக்குப் பதினான்கு. தாயைப் பற்றிப் பேச லூயிஸ் வாயெடுத்தால் அவர்கள் கூச்சத்துடன் முகம் திருப்பினார்கள். ஒருகாலத்தில் தம் தந்தையிடம் தாமும் அப்படியே நடந்துகொண்டதை அவர் நினைவுகூர்ந்தார்.

வீட்டிலே கிடந்த வெற்றுக் குறிப்பேடுகளை எடுத்து அவர் எழுதத் தொடங்கினார். நான்கு குறிப்பேடுகள் நிறைந்தன. அவற்றிலே 1940இன் தெளிவான விளக்கங்கள் இல்லை. கடவுள் இல்லையோ என்று அவர் அஞ்சவில்லை. கடவுள் கொடியவரோ என்றே அஞ்சினார். மகிழ்ச்சியான நாட்களில் வாசல் திறந்திருந்ததாகத் தோன்றிய வீடு, மிகத் தேவையான வேளையில் உள்ளிருந்து தாழிடப்பட்டதாக அவருக்குத் தோன்றியது. தமது விசுவாசம் சீட்டுக்கட்டால் கட்டிய வீடு போல் சரிந்ததாக எழுதினார். மதம் தரும் ஆறுதலைப் பற்றி எவரும் தம்மிடம் வந்து எளிதாகப் பேச வேண்டாம் என்றும் எழுதினார். ஒரு நாள் எழுதிய கடுஞ்சொல்லை மறுநாள் மீண்டும் வாசித்து, இது சிந்தனையன்று, வலியில் எழுந்த கூச்சல் என்று தம்மைத் தாமே திருத்திக்கொண்டார்.

ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆண்டவரை விட்டுத் திரும்பவுமில்லை. நாட்கள் செல்லச் செல்ல ஒரு மாற்றம் வந்தது. ஜோயைப் பற்றிக் கொண்டிருந்த துயரத்தின் பிடி சற்றுத் தளர்ந்த ஒரு காலைப்பொழுதில், அவரது நினைவு முன்னிலும் தெளிவாக அருகில் இருப்பதை உணர்ந்தார். தாழிடப்பட்டதாகத் தோன்றிய கதவும் அவ்வாறே. தம் கேள்விகளுக்கு விடை வரவில்லை. ஆனால் அந்த மௌனம் முன்போல் புறக்கணிப்பாகத் தோன்றவில்லை. பிள்ளைக்கு இப்போது விளங்காத ஒன்றை அறிந்த ஒருவர், அன்போடு உற்றுநோக்கும் மௌனமாகத் தோன்றியது. சரிந்து விழுந்தது ஆண்டவர் அல்லர், ஆண்டவரைப் பற்றித் தாம் கட்டி வைத்திருந்த உருவமே என்று அவர் கண்டுகொண்டார்.

அக்குறிப்புகள் 1961இல் வேறொரு புனைபெயரில் நூலாக வெளிவந்தன. எழுதியவர் யாரென்று அறியாத நண்பர்கள் சிலர், துயரத்தில் ஆறுதலாக இருக்கும் என்று அந்நூலையே அவருக்குப் பரிந்துரைத்தார்கள். அவர் இறந்த பின்னரே, 1964இல், அது அவரது சொந்தப் பெயரில் வெளியாயிற்று.

நமக்கு எஞ்சி நிற்பது

1940இன் நூல் பிழையானதா? இல்லை. சுதந்திரத்தைப் பற்றியும் அன்பைப் பற்றியும் அதில் உள்ளவை இன்றும் சிந்திக்கத் தக்கவை. ஆனால் விளக்கம் வேறு, தாங்கி நிற்கும் கரம் வேறு. நோயின் காரணத்தை விளக்கும் வைத்தியர் நமக்கு வேண்டும். ஆனால் இரவு முழுவதும் கட்டிலருகே அமர்ந்திருப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். துன்பப்படுகிறவருக்கு முதலில் வேண்டியவர் இரண்டாமவரே.

யோபுவின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். அவனது நண்பர்கள் ஏழு நாட்கள் பேசாமல் அவனுடன் நிலத்தில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பின்பு வாய்திறந்து கடவுளுக்காக விளக்கம் கூறத் தொடங்கினார்கள். முடிவில் ஆண்டவர் கோபங்கொண்டது, கேள்வி கேட்ட யோபுவின்மீது அன்று. விளக்கம் கூறிய நண்பர்கள்மீதே. யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் ஆண்டவர் தாமே அவனுக்கு முன் வந்து பேசினார். லாசருவின் கல்லறையண்டையிலே இயேசு, சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போகிறவராயிருந்தும், முதலில் கண்ணீர் விட்டார். சிலுவையிலே, ஏன் கைவிட்டீர் என்ற கேள்வியையும் தம் வாயாலேயே கேட்டார். நமது கேள்வி அவருக்குப் புதிதன்று.

ஆகையால், இன்று நீங்கள் மரண வீட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தால் விளக்கத்தைச் சுமந்து செல்லாதீர்கள்; அருகில் சற்று நேரம் இருங்கள். துயரப்படுகிறவர் நீங்களேயானால், உங்கள் கேள்வி விசுவாசக் குறைவு என்று எவரும் சொல்ல இடங்கொடாதீர்கள். அதனை ஆண்டவரிடமே கேளுங்கள். அவரை நோக்கிக் கேட்கப்படும் கேள்வி, கோபத்தோடு கேட்கப்பட்டாலும், ஜெபமே.

லூயிஸ் 1963 நவம்பர் 22ஆம் திகதி, தமது அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக, ஒக்ஸ்போர்டிலுள்ள தம் வீட்டில் இறந்தார். அன்றே அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டமையால் லூயிசின் மரணம் அதிகம் பேசப்படவில்லை. ஹெடிங்டன் குவாரி ஆலய வளவில் அவரது கல்லறை உள்ளது. அதன் கல்லிலே அண்ணன் வாரன், ஷேக்ஸ்பியரின் ஒரு வரியைப் பொறிக்கச் செய்தார். 1908 ஓகஸ்ட் 23ஆம் திகதி, தாய் இறந்த அன்று, அவரது அறையில் தொங்கிய நாட்காட்டித் தாளில் அச்சிடப்பட்டிருந்த வரி அது. தந்தை அத்தாளைத் தம் ஆயுள் முழுவதும் பாதுகாத்து வைத்திருந்தார்.

ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் அந்தத் துயரம் மறக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கல்லின் தலைப்பில் சிலுவையும் இருக்கிறது. விசுவாசம் என்பது துயரத்தை மறப்பதன்று. அதனைச் சிலுவையின் கீழ் கொண்டுபோய் வைப்பது. உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் கிழித்தெறிய இயலாத ஒரு தாள் இருக்கலாம். அதனை மறைக்க வேண்டாம். அழுத கண்களோடு நம்மை நோக்கும் ஆண்டவரின் முன் அதனை விரித்து வையுங்கள்.